கமராவை நாமும் பிடிக்கலாம்



பயணப்படம் எடுக்கக் கற்பிக்கும் குறுங்காலப் பயிற்சி என்றதும், அது வசதி படைத்தவர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரிய கமரா தேவையில்லை. வீடியோ எடுக்கக்கூடிய கைத்தொலைபேசி போதும்.

அங்கே கற்பது என்ன? முதலில் இடம் முழுவதையும் தூரத்திலிருந்து எடுத்தல். பிறகு அங்குள்ள மனிதர்கள். அதன்பின் ஒரு கை, ஒரு பயணச்சீட்டு என்று கிட்டத்தில் எடுத்தல். ஒவ்வொன்றையும் 10 விநாடியாவது அசையாமல் பிடித்துப் பழக வேண்டும். சத்தமும் தெளிவாகப் பதிய வேண்டும்.

எதைப் படமெடுப்பது? 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014 ஒக்டோபரில்தான் மீண்டது. இடையில் 24 வருடங்கள். அதில் முதன்முதலாக ஏறும் ஒரு தாயின் பயணமே ஒரு படத்துக்குப் போதும்.

2009இல் போர் முடிந்தபின் எத்தனையோ கமராக்கள் எங்கள் ஊர்களுக்கு வந்தன. கேட்காமலே எங்கள் அழுகையைப் படம் பிடித்தவர்களும் உண்டு. அந்த நோவு தெரிந்த நாங்கள், யாரையும் எடுக்குமுன் சம்மதம் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்றால் கமராவை இறக்கிவிட வேண்டும். இராணுவ முகாம்கள், சோதனைச் சாவடிகள் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

சேருமுன் விசாரியுங்கள்: கட்டணம் எவ்வளவு? எடுத்ததை வெட்டி ஒட்டித் தொகுக்கவும் கற்பிப்பார்களா? பிள்ளையைக் கூட்டிச் செல்லலாமா? பொழுதுபடுமுன் வீடு திரும்பலாமா?

எங்கள் ஊரை எங்கள் கண்ணாலே காட்ட நாங்களே பழகுவோம்.