ஏக்கர் ஒரு ரூபாய்

உதகைக்கு இருநூறாம் ஆண்டு விழா எடுத்தாயிற்று, 2022இல் ஜான் சல்லிவனுக்குச் சிலையும் வைத்தாயிற்று. அதோடு விட்டிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மே மாத சீசன் வந்தால் மலர்க் கண்காட்சியோடு ஒரு பல்லவியும் கூடவே வருகிறது: ஊட்டியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன், மலைமக்கள் அவரை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள், வெள்ளையரை எதிர்த்து இந்த மலையில் யாரும் கை ஓங்கவில்லை. முதல் வாக்கியத்துக்குச் சிரித்துவிட்டுப் போகலாம். ஒத்தக்கல் மந்து என்று பெயரிட்டுத் தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்த இடத்தை, கோயம்புத்தூரிலிருந்து ஒரு கலெக்டர் வந்துதான் 'கண்டுபிடிக்க' வேண்டியிருந்ததாம். மூன்றாவது வாக்கியம் அப்படியல்ல. அது வரலாற்றுப் பிழை. அதற்கும் மேலே, எதிர்ப்பு என்றால் என்ன என்பதையே புரிந்துகொள்ளாத பிழை.

இன்றைய நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பகுதிகள் 1877 வரை வயநாட்டைச் சேர்ந்தவை. அந்த வயநாட்டில்தான் 1802 அக்டோபரில் தலக்கல் சந்துவும் எடச்சேன குங்கனும் சுமார் 150 குறிச்சியர் வில்லாளிகளோடு பனமரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கினார்கள். அது மலபார்க் கோட்டயத்தின் பழசி ராஜாவுக்காக நடந்த போர், மன்னன் இழுத்தால் குடிகள் போகத்தானே செய்வார்கள் என்று சிலர் தள்ளிவிடுவதுண்டு. அவர்கள் 1812ஐப் படிக்கட்டும். பழசி இறந்தது 1805இல். ஏழு ஆண்டு கழித்து, இழுக்க ராஜா எவரும் இல்லாத வயநாட்டில், குறிச்சியரும் குறும்பரும் மீண்டும் வில்லெடுத்தார்கள். அதுவரை விளைச்சலில் பங்காகக் கொடுத்துவந்த வரியைக் கம்பெனி காசாகக் கேட்டது. மலையில் நெல் உண்டு, ராகி உண்டு, தேன் உண்டு, காசு ஏது? காசு வேண்டுமென்றால் அடிமாட்டு விலைக்கு நெல்லை விற்க வேண்டும், இல்லை கடன் வாங்க வேண்டும். மழை பொய்த்தால் பங்கும் குறையும். காசு வரியோ குறையாது. மார்ச்சில் மூண்ட கிளர்ச்சி மே மாதத்துக்குள் அடக்கப்பட்டது. இரண்டு மாதக் கலகம்தானே என்று கடப்பவர்கள், அதன் காரணத்துக்கு எவ்வளவு நீண்ட ஆயுள் என்பதைப் பார்ப்பதில்லை.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1898இல் சியரா லியோனில் ஆங்கிலேயர் குடிசை வரி போட்டார்கள். தன் கையால் கட்டிய வீட்டுக்கு எவனோ ஒருவனுக்கு ஷில்லிங்கில் வாடகை கட்டுவதா என்று பை புரே தலைமையில் வடபகுதி எழுந்தது. 1906இல் நேட்டாலில் தலைவரி, ஆளுக்கு ஒரு பவுன், ஜூலுத் தலைவர் பம்பாத்தா எழுந்தார். 1905இல் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கட்டாயப் பருத்திச் சாகுபடி. மாஜி மாஜி கிளர்ச்சி வெடித்தது. மந்திரத் தண்ணீர் குண்டைக் கரைக்கும் என்ற நம்பிக்கையில் மூடத்தனமாக எழுந்தார்கள் என்று ஜெர்மானியர் எழுதிவைத்தார்கள். தண்ணீர் அவர்களைச் சேர்த்தது, உண்மை. எழவைத்தது பருத்தி. இந்த வரிகள் கஜானாவை நிரப்ப மட்டும் போட்டவை அல்ல. காசு இல்லாதவனைக் காசு கேட்டால் அவன் கூலிக்கு வந்தே தீருவான். தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ஆள் கிடைத்துவிடும். நம் மலைக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் கென்யா. இந்தியக் கூலிகளை வைத்துப் போட்ட ரயில் பாதையைப் பத்தாண்டு எதிர்த்த நண்டி மக்களின் தலைவர் கொய்தாலெல், 1905இல் சமாதானம் பேச வந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று தேயிலைக்குப் பேர்போன கெரிச்சோவிலிருந்து, கொய்தாலெலின் குலமான தலாய் குலத்தார் 1930களில் கூண்டோடு வெளியேற்றப்பட்டார்கள். தேயிலை என்ற பச்சைக் கம்பளத்தை விரிக்கும் முன் யாரோ ஒருவரின் பாயைச் சுருட்ட வேண்டியிருக்கிறது.

தோடர்கள் வில்லெடுக்கவில்லையே என்பார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சமூகம் பீரங்கிக்கு எதிரே நிற்கவில்லை என்பதை 'ஏற்றுக்கொண்டார்கள்' என்று மொழிபெயர்ப்பது எந்த ஊர் நியாயம்? சல்லிவன் அவர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். அவர் நல்லவர், நிலம் தோடர்களுடையது என்று கம்பெனியிடம் வாதாடினார் என்று சொல்வார்கள். வாதாடினார்தான். அதனால்தான் குற்றம் கனக்கிறது: நிலம் யாருடையது என்று தெரிந்தே எடுத்தார்கள். மந்தை மேய்ந்த புல்வெளி கோப்பில் தரிசு ஆயிற்று, தரிசு ஏலத்துக்குப் போயிற்று. ஏலம் போகாத புல்லின் மேல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகை மரமும் ஏறின. எருமையின் பால் தோடருக்கு உணவு மட்டுமல்ல, பால்மனைதான் கோவில். புல் போனால் எருமை போகும், எருமை போனால் கோவில் போகும். இதே கால்நடைக்காகவும் நிலத்துக்காகவும்தான் 1904இல் நமீபியாவின் ஹெரேரோ மக்கள் போரிட்டு இன அழிப்புக்கு ஆளானார்கள். தோடர் வேறு வழியைப் பிடித்தார்கள். தோட்டக் கூலிக்கு அவர்கள் போகவில்லை. தோட்டங்களுக்குக் கோவையிலிருந்தும் மைசூரிலிருந்தும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்துக்குச் சீனக் கைதிகளையே கொண்டுவந்தார்கள். கூலிக்கு வர மறுப்பதும் கலகம்தான், அம்பு விடாத கலகம்.

சாலை வந்தது, பள்ளி வந்தது, உருளைக்கிழங்கும் கேரட்டும் வந்தன என்ற பட்டியலோடு வருபவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கேரட்டுக்கு ரசீது கேட்டால் நிலத்துக்கும் ரசீது காட்ட வேண்டியிருக்கும். காட்ட முடியாது என்பதற்குக் கூடலூரே சாட்சி. ஜன்மம் என்ற பரம்பரை நிலவுரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1969இல். அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலம் யாருக்கு என்ற தகராறு அரை நூற்றாண்டாக இழுக்கிறது. அங்கே மரம் வெட்டியது குறித்து 1995இல் நிலம்பூர் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாட் போட்ட வழக்கு, நாட்டின் மிகப் பெரிய வன வழக்காக வளர்ந்தது. அங்குள்ள பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் பட்டா கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1812இல் அம்பில் கட்டிவிட்ட கேள்விதான் அந்த மனுவில் இருக்கிறது. அதற்கு அரசு பதில் எழுதும்வரை சல்லிவன் சிலைக்கு அடுத்த மாலையை யாரும் வாங்க வேண்டாம்.