ஊருக்கு இது போதுமா?

"ஊருக்கு இது போதும்ப்பா." வெளிநாடு வந்த நம்ம ஆட்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சென்ட் பாட்டில், டார்ச் லைட் விஷயத்தில் சொன்னால்கூடப் பரவாயில்லை. லேத்துக்கு வாங்குகிற டூல் போஸ்ட் விஷயத்திலும் சொல்றாங்க பாருங்க, அங்கேதான் எனக்குச் சண்டை.

எங்க பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றுவிட்டது. பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, அவ்வளவுதான் எல்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினில் ரோலர் தேய்ந்தால், எந்த மாநிலம் என்று யாரும் பார்ப்பதில்லை, எந்தப் பட்டறை கிட்டே என்றுதான் பார்ப்பார்கள். தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் படித்து, கல்ஃபில் பாதி ஆயுசைக் கழித்து, திரும்பி வந்து வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு சின்ன லேத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கும் மாமன்மார் அங்கே உண்டு. ஆசைக்கு ஆரம்பித்தது, பக்கத்து வீட்டு பம்ப்செட்டுக்கு ஒரு புஷ், யாருக்கோ ஒரு ஸ்பேசர் என்று கைச்செலவுக்கும் ஆகும்.

அவர்கள்தான் ஃபோனில் கேட்பார்கள்: "மக்களே, வரும்போ ஒரு க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட் கொண்டு வருவியா?" நாம் என்ன செய்கிறோம்? இணையத்தில் இருப்பதிலேயே விலை குறைந்ததைப் பார்த்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சூட்கேஸில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்த மாதிரி நிற்கிறோம்.

விலை குறைவாக வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்க அலோரிஸ் போன்ற பெயர் பெற்ற கம்பெனியின் செட் வாங்கினால் கிட்டத்தட்ட ஒரு சின்ன லேத்தின் விலையே ஆகிவிடும். மலிவு விலையில் நல்ல பீஸும் வரும், மட்டமான பீஸும் வரும். எது எது என்று அட்டைப்பெட்டி சொல்லாது, அளந்துதான் பார்க்கணும். அந்த வேலையைச் செய்யாமல் "சைனா சாமான் எல்லாம் குப்பை" என்று ஒரு கோஷ்டி, "வெட்ஜ் டைப் நல்லது, பிஸ்டன் டைப் மோசம்" என்று இன்னொரு கோஷ்டி. வெட்ஜில் ஒரு ஆப்பு நகர்ந்து ஹோல்டரை நீளவாக்கில் இறுக்கும், பிஸ்டனில் ஒரு உருளை நடுவில் தள்ளி இறுக்கும். சரியாகச் செய்தால் வெட்ஜுக்குப் பிடிப்பு அதிகம், உண்மைதான். ஆனால் ஏனோதானோ என்று கடைந்த வெட்ஜைவிட ஒழுங்காகக் கடைந்த பிஸ்டன் எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் புரிந்துகொள்ளணும். பழைய நாலு பக்க டூல் போஸ்ட் ஒன்றும் மட்டமில்லை. டூல் முனையைச் சென்டர் உயரத்துக்குக் கொண்டு வர, அடியில் ஹாக்சா பிளேடு துண்டு, தகரம் என்று வைத்துக் கஷ்டப்படணும். ஆனால் அது ஒரே இரும்புக்கட்டை, அசையாது. க்விக் சேஞ்ச் மிச்சப்படுத்துவது நேரத்தை. உறுதியை அது கூட்டிவிடாது. ஆகவே மட்டமான க்விக் சேஞ்சைக் கொண்டு போய்க் கொடுத்தால், அவரிடம் ஏற்கனவே இருந்ததைவிட மோசமானதைக் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

ஆகவே பெட்டி கட்டும் முன் இவற்றைச் செய்யுங்கள். லேத்து தேவையில்லை.

1. வாங்கும் முன் ஊருக்கு ஃபோன் போட்டு இரண்டு அளவு கேளுங்கள்: லேத்தின் ஸ்விங், டூல் போஸ்ட் உட்காரும் ஸ்லைடின் மேல்பரப்பிலிருந்து சென்டர் வரை உயரம். ஏ.எக்ஸ்.ஏ. சைஸ் சுமார் 9 முதல் 12 அங்குல ஸ்விங்குக்கு. சின்ன லேத்தில் பெரியதை வைத்தால், ஹோல்டரை எவ்வளவு இறக்கினாலும் டூல் சென்டருக்கு மேலேயே நிற்கும்.

2. காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம். மாட்டி மாட்டிக் கழற்றும் இடம் சீக்கிரம் தேயும்.

3. தடித்த கண்ணாடி மேசையில் போஸ்டை வைத்து நாலு மூலையையும் அழுத்துங்கள். ஆடினால் அடிப்பரப்பு சமமில்லை, அல்லது துளை ஓரத்தில் பிசிறு. பிசிறை அரத்தால் எடுக்கலாம். கோணல் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

4. எல்லா ஹோல்டரையும் ஒவ்வொன்றாக மாட்டி இறுக்குங்கள். கைப்பிடி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கணும். ஒன்றுக்கு மூன்று மணி, இன்னொன்றுக்கு ஆறு மணி என்று நின்றால் டவ்டெயில் அளவுகள் தாறுமாறு. என் அனுபவத்தில் மட்டமான செட்டை அதிகம் காட்டிக்கொடுப்பது இதுதான்.

5. டூலை இறுக்கும் ஸ்க்ரூக்களை ஆலன் கீ போட்டு இறுக்கிப் பாருங்கள். வாய் வழுக்கினால் மாற்று ஸ்க்ரூ வாங்கிக் கூடவே வையுங்கள். சில்லறைக் காசுதான்.

ஊரில் போய் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. டி-ஸ்லாட் உள்ள லேத்து என்றால், செட்டோடு வரும் டி-நட் பெரும்பாலும் அளவு பெரியதாக இருக்கும், ஸ்லாட்டுக்கு ஏற்றபடி செதுக்கணும். போல்ட் அந்த நட்டைத் தாண்டி ஸ்லாட்டின் தரையில் முட்டவே கூடாது. முட்டினால் இறுக்க இறுக்க ஜாக்கி போல நட்டை மேலே தூக்கும், வார்ப்பிரும்பு உதடு பட்டென்று பிளந்துவிடும். அப்புறம் டூல் போஸ்ட் இருக்கும், லேத்து இருக்காது.

கடைசிச் சோதனை, டயல் கேஜ் வைத்து. ஹோல்டரைப் பத்து தடவை கழற்றி மாட்டுங்கள். டூல் முனை ஒவ்வொரு தடவையும் 0.02 மி.மீ.க்குள் அதே இடத்துக்கு வந்தால் இந்த விலைக்கு அது நல்ல சாமான். பிறகு டூல் முனையைக் கையால் அழுத்தி டயலைப் பாருங்கள். அடுத்து டயலைப் போஸ்ட் மேல் வையுங்கள், அடுத்து ஸ்லைடு மேல். எங்கே அசைகிறது என்று தெரிந்துவிடும். பல சின்ன லேத்துகளில் குற்றவாளி ஸ்லைடின் தளர்ந்த ஜிப்பாக இருக்கும், பழி மட்டும் போஸ்டுக்கு. பார்ட்டிங் போடும்போது அலறினால், முதலில் ஜிப்பை இறுக்கச் சொல்லுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்றால், இங்கே பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொள்கிறோம். பாறசாலையில் இருக்கும் மாமா யாரிடம் திருப்பிக் கொடுப்பார்? கொண்டு வந்த பிள்ளை மனசு நோகும் என்று வாயைத் திறக்காமல் பரணில் போட்டுவிடுவார். வேலை சுத்தமாக வரவில்லை என்றால் ஜனங்கள் குறை சொல்வது அவர் கையைத்தான், நம் சூட்கேஸை அல்ல.

"அவங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். களமசேரி ஹெச்.எம்.டி.யில் 1960களிலேயே லேத்து செய்யத் தொடங்கிய மாநிலம் அது. 1963-ல் முதல் ராக்கெட் பறந்த தும்பாவும் அதே திருவனந்தபுரம் மாவட்டம்தான். 0.01 மி.மீ. இங்கேயும் 0.01தான், நெய்யாற்றின்கரையிலும் 0.01தான். விலை குறைந்ததையே வாங்குங்கள், தப்பில்லை. உங்கள் லேத்தில் மாட்டத் தயங்கும் ஒன்றை மட்டும் ஊருக்குக் கொண்டு போகாதீர்கள்.