வண்டி செய்கிற ஊர், வழி இல்லாத ஜனங்கள்

அடையாற்றில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர், இரண்டு கார் வைத்திருப்பவர். சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டு வராந்தாவில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சைக்கிளில் வந்து நின்றது. "சைக்கிளா? சென்னையில் இப்போது யார் சார் சைக்கிள் விடுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் கண்ணாடியுமாக மகாபலிபுரம் ரோட்டில் போகிறார்களே, அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள்தானே?" என்று கேட்டார்.

"நாளைக் காலை ஐந்தரை மணிக்குத் திருவொற்றியூர் தேரடிக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்றேன். சிரித்தார். வரவில்லை. ஐந்தரை மணி அவருக்குச் சௌகரியப்படவில்லை. திருவொற்றியூரும் சௌகரியப்பட்டிருக்காது. ஆகவே, அவருக்குப் பதிலாக நானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததை எழுதுகிறேன். அவர் படிப்பார், அவரைப் போன்றவர்கள் உங்களிலும் சிலர் உண்டு, நீங்களும் படிப்பீர்கள். கோபம் வந்தால் வரட்டும்.

விடிந்தும் விடியாத நேரம். டீக்கடைப் பாய்லரில் ஆவி பறக்கிறது. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் வருகிறார்கள். ஹாண்டில்பாரில் தொங்கும் துணிப்பைக்குள் டிபன் கேரியர். பால் பாக்கெட்டுப் பெட்டியைக் காரியரில் கட்டிக்கொண்டு ஒருவர். பேப்பர் கட்டுடன் ஒரு பையன். மண்வெட்டியைப் பாரில் கட்டிக்கொண்டு ஒரு கொத்தனாரின் ஆள். காசிமேட்டுப் பக்கமிருந்து மீன்பாடி வண்டிகள். நூறு வரை எண்ணினேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். என் நண்பருடைய கேள்விக்கு நூறு போதும்.

இவர்கள் எங்கே போகிறார்கள்? எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போகிறார்கள். அங்கே இடது பக்கம் கண்டெய்னர் லாரிகள், ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி, சுவர் வைத்ததுபோல் நிற்கும். வலது பக்கம் ஓடுகிற லாரிகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழமோ இரண்டு முழமோ இடைவெளி. அந்த முழத்துக்குள்தான் ஒரு குடும்பஸ்தன் தன் உயிரையும் டிபன் கேரியரையும் வைத்துக்கொண்டு பெடல் மிதிக்கிறான். நாற்பது அடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்புகிற டிரெய்லரின் பின்சக்கரம், முன்சக்கரம் போன வழியே போகாது, உள்வாங்கி வரும். டிரைவருக்குப் பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியாது. இதை அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடச் சொல்லும். படித்த நமக்குத்தான் தெரியாது.

இனி ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டு ஆன கம்பெனியின் தொழிற்சாலை எண்ணூரில்தான் இருக்கிறது. இந்தியா முழுவதும் ஓடுகிற எத்தனையோ பஸ்களும் லாரிகளும் அங்கே பிறந்தவை. ஐம்பதுகளின் நடுவில் என்பீல்டு மோட்டார் சைக்கிளைப் பூட்டத் தொடங்கிய ஊர் திருவொற்றியூர். எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனி, 1946-ல் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதுகிற ரப்பர் பலூன் செய்து ஆரம்பித்ததும் அதே திருவொற்றியூரில். பெட்ரோலுக்கு மணலியில் 1969-லிருந்து சுத்திகரிப்பு ஆலை. கொஞ்சம் மேற்கே அம்பத்தூரில், 1949-ல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி ஹெர்குலிஸ் சைக்கிளை லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. பஸ், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், பெட்ரோல், சைக்கிள்! நகரத்து ஜனங்கள் நகர்வதற்கு வேண்டிய அத்தனையும் வடசென்னையின் வியர்வையில் விளைந்தன. புகையும் கழிவும் அங்கேயே தங்கின. வண்டிகள் மட்டும் தெற்கே வந்துவிட்டன. பஸ் செய்கிறவன், வேலை முடிந்ததும் ரோட்டோரத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான்!

பழைய கதையும் இப்படித்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் எங்கிருந்து புறப்பட்டது? எழும்பூரிலிருந்து அல்ல, சென்ட்ரலிலிருந்தும் அல்ல. சென்ட்ரல் பிறந்ததே 1873-ல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போயிற்று அந்த ரயில். அந்த நிலையக் கட்டடம் இன்றும் தூண்களோடு நிற்கிறது. மெட்ரோ ரயில் என்று ஒன்று 2015-ல் சென்னைக்கு வந்தபோது முதலில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடிற்று. வண்ணாரப்பேட்டையை 2019-ல் எட்டிப் பார்த்தது. திருவொற்றியூரைக் கடந்து விம்கோ நகர் போய்ச் சேர 2021 பிப்ரவரி ஆயிற்று. முதல் ரயில் புறப்பட்ட வட்டாரத்துக்கு மெட்ரோ ரயில் வர நூற்று அறுபத்தைந்து வருஷம்! எண்ணூர்க்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

சுந்தரமூர்த்தி நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்டு, உன்னைப் பிரியேன் என்று சத்தியமும் செய்துவிட்டு, அதை மறந்து ஊரெல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. நம்முடைய திட்டக்காரர்களுக்கு நேர்மாறு. திருவொற்றியூர் எல்லைக்கு வெளியே இருக்கிறவரை கண் நன்றாகத் தெரிகிறது. எல்லைக்குள் கால் வைத்ததும் போய்விடுகிறது. சத்தியம் தவறியது மட்டும் இருவருக்கும் பொது.

என்ன சத்தியம் என்கிறீர்களா? 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமே சாலையில் முதல் மரியாதை. போக்குவரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை அவர்களுக்காகச் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இந்தியாவிலேயே இப்படியொரு கொள்கை வகுத்த முதல் நகரம் என்று பெயரும் வாங்கினோம். 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு, விளக்கும் வைத்தார்கள். எனக்குச் சந்தோஷந்தான், நானும் அங்கே உட்கார்ந்து கடலை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் புடவை வாங்கப் போகிறவர்கள் நடக்க இருபதடி கிடைக்கிற நகரத்தில், ஷிப்டுக்குப் போகிறவனுக்கு நாலடி கிடைக்கக் கூடாதா? 2011-லேயே திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் மாநகராட்சியோடு சேர்த்தாயிற்று. வரி வாங்க ஒரே நகரம். வழி கொடுக்க மட்டும் இரண்டு நகரமா?

அன்று காலை தேரடியிலிருந்து நடந்து எர்ணாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு பிட்டரின் வீடு. முன்னறைச் சுவரில், ஆணியடித்துக் கயிற்றில், புத்தம்புதுச் சைக்கிள் ஒன்று தொங்கியது. ஸீட்டில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதம்கூடக் கிழியவில்லை. அதன்மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்.

2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் அது. நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ கிராமங்களில் பெண் குழந்தைகளின் படிப்பு நின்றுபோகாமல் அந்த இரண்டு சக்கரம் காப்பாற்றியிருக்கிறது. புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தார்கள். சைக்கிள் ஏறிய பெண் ஒருவர் தயவையும் எதிர்பார்க்க மாட்டாள் என்பதை அந்த ஜில்லா கண்டது.

"ஏம்மா, பாப்பா இதிலே போறதில்லையா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் துண்டைத் திருப்பிப் போட்டார். "சைக்கிள் குடுத்தாங்க சார். ரோட்டை யாரு குடுப்பாங்க? இவரு கூட வேலை செஞ்ச ஒருத்தரு போன வருசம் அந்த வளைவுல லாரியில மாட்டிக்கிட்டாரு. அதுலேருந்து எறக்கவே இல்ல. பொண்ணு பஸ்ஸுல போவுது. பஸ்ஸு வந்தா பள்ளிக்கூடம், வரலேன்னா லேட்டு."

மகள் உள்ளேயிருந்து, "நான் நல்லா ஓட்டுவேன் அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

இருக்கிறது என்பீர்கள். உங்கள் ஆட்சேபணைகள் எனக்கு மனப்பாடம்.

முதல் ஆட்சேபணை, வெயில். "இந்த ஊர் வெயிலில் சைக்கிளா?" என்கிறீர்கள். ஐயா, அவர்கள் உங்கள் சம்மதத்தை எதிர்பார்க்காமல் அதே வெயிலில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெயிலுக்கு மருந்து மரம். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இருக்கிற மரத்தை வெட்டிவிட்டு, குளிர்சாதனக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

இரண்டாவது, துறைமுகம். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்கெனத் தனி இடம் திறந்தார்கள். 2001-லிருந்து எண்ணூரிலும் ஒரு துறைமுகம். "லாரி வராமல் எப்படி? துறைமுகம் இருக்கிற இடத்தில் சைக்கிளுக்கு ஏது இடம்?" என்று கேட்கிறீர்கள். ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய துறைமுகம். அங்கே மாஸ் நதிக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. 1942-ல், யுத்தத்தின் நடுவில் திறந்தது. மோட்டாருக்கு வழி விட்டதோடு நிற்காமல், சைக்கிள்காரர்களுக்கென்று தனிக் குழாய் வைத்தார்கள். அவர்கள் சைக்கிளோடு இறங்குவதற்கு நகரும் படிக்கட்டும் வைத்தார்கள். துறைமுகத் தொழிலாளியும் மனிதன் என்று நினைத்தவர்களுக்கு நதிக்கு அடியில்கூட இடம் கிடைத்தது. நமக்குத் தரைக்கு மேலேயே கிடைக்கவில்லை!

"அவர்கள் பழக்கமே சைக்கிள்" என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அங்கேயும் யுத்தத்துக்குப் பிறகு கார் பெருகிச் சைக்கிள் ஒடுங்கத்தான் செய்தது. எழுபதுகளின் ஆரம்பத்தில், குழந்தைகள் காரில் அடிபட்டுச் சாவதைப் பொறுக்காத தாய் தந்தையர் தெருவில் இறங்கிச் சத்தம் போட்டார்கள். 1973-ல் எண்ணெய் முடையும் வந்தது. அப்புறந்தான் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. பாதை வானத்திலிருந்து விழவில்லை; கேட்டார்கள், கிடைத்தது.

மூன்றாவது ஆட்சேபணைதான் உண்மையானது. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. "சைக்கிள் ஏழையின் வண்டி. அவனுக்கும் நாலு காசு வந்தால் மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுவான். அதற்குப் போய் எதற்குப் பாதை?" இதுதானே மனத்தில்?

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த எண்ணத்தை உங்கள் தலையில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். என் நாவல்களைப் புரட்டிப் பாருங்கள். கதாநாயகன் முதல் அத்தியாயத்தில் செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். கடைசி அத்தியாயத்தில் காரிலிருந்து இறங்குவான். நடுவில் நடப்பதற்குப் பெயர் முன்னேற்றம். பஸ்ஸில் வருகிற பெண் பாவப்பட்டவள். காரில் வருகிறவள் சீமாட்டி. நான் எழுதினேன், நீங்கள் ரசித்தீர்கள், அச்சகத்தார் இரண்டாம் பதிப்புப் போட்டார்கள். ஒரு மனிதனின் மதிப்பை அவன் ஏறி வரும் வண்டியால் அளக்க நாம் எல்லோரும் சேர்ந்து பழகிக்கொண்டோம். அந்த அளவுகோலை வைத்துத்தான் இன்றைக்குச் சாலையும் போடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் தவணையைக் கட்ட முடியாமல் கடன்காரனுக்கு ஒளிகிற எத்தனை பேரை அந்தப் பக்கம் பார்க்கிறேன்! ஆசையால் வாங்கியவர்கள் சிலர். லாரிக்குப் பயந்து வாங்கியவர்கள் பலர். பயத்தை நாம் முன்னேற்றம் என்று கணக்கெழுதிக்கொள்கிறோம்.

நல்லது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அம்மாளுக்கு மாதக் கடைசியில் மிஞ்சுகிற தொகை உங்களுக்கு அற்பம். அவளுக்கு அது பிள்ளையின் நோட்டுப் புத்தகம். ஆனால் இலவசம் என்பது பஸ் வந்தால்தானே? விம்கோ நகரில் மெட்ரோவை விட்டு இறங்கினால் அடுத்து வீட்டுக்கு எப்படிப் போவது? ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு!

நான் கேட்பது ஆகாயக் கோட்டை இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர், மணலிச் சாலைகளிலும் லாரி ஏற முடியாதபடி கல்வரம்பு கட்டிய சைக்கிள் பாதை வேண்டும். வெள்ளைக் கோடு போதாது. டிரெய்லருக்குக் கோடு கண்ணில் படாது. லாரிகள் காத்துக் கிடக்கச் சாலைக்கு வெளியே இடமும், டிரைவர்களுக்குக் குளிக்கவும் படுக்கவும் வசதியும் வேண்டும். ராத்திரி பகலாக ஸ்டியரிங்கில் தூங்கி விழுகிற அவர்களும் ஏழைகள்தாம். ஷிப்டு தொடங்குகிற நேரத்துக்கும் முடிகிற நேரத்துக்கும் பஸ் வேண்டும். மெட்ரோவிலிருந்து எண்ணூருக்கும் மணலிக்கும் சிறு பஸ்கள் வேண்டும். ரயில் நிலையங்களில் சைக்கிளை நம்பிப் பூட்டிவிட்டுப் போக ஒரு கூரை வேண்டும். ஒரு மேம்பாலத்துக்கு ஆகிற பணம்கூட இத்தனைக்கும் ஆகாது என்றே நினைக்கிறேன்.

அடையாற்று நண்பரே, உங்களை நான் சைக்கிளில் ஏறச் சொல்லவில்லை. உங்கள் முழங்காலின் நிலைமை எனக்குத் தெரியும். அடுத்த தடவை வார்டுக் கூட்டத்திலோ ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமோ உங்கள் தெருவின் பார்க்கிங் தொல்லையைச் சொல்லும்போது, எர்ணாவூரில் சுவரில் தொங்குகிற அந்தச் சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். அதற்குள் அதை ஆணியிலிருந்து இறக்கியாக வேண்டும்.