வண்டல் மண் அனுமதி: கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு?

விவசாயப் பெருமக்களே, கோடையில் ஏரி, குளங்கள் வற்றியதும் வண்டல் மண் அடிக்கும் வேலை தொடங்கிவிடும். அப்போது ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வி.ஏ.ஓ. எடுத்துக்கச் சொல்லிட்டார்", "தலைவர்கிட்ட கேட்டாச்சு". இந்த வாய்மொழியை நம்பி டிராக்டரை ஏரிக்குள் இறக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்ல அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறதா?

அதிகாரம் இறங்கி வரும் வழி

ஏரி மண்ணும் சட்டப்படி சிறு கனிமம்தான். நாடாளுமன்றம் 1957-இல் இயற்றிய சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 15-வது பிரிவு, சிறு கனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகள் நடைமுறையில் உள்ளன. அதே சட்டத்தின் 26-வது பிரிவின்படி, மாநில அரசு தன் அதிகாரத்தைக் கீழ்நிலை அலுவலருக்கு ஒப்படைக்கலாம். ஆனால் அதை அறிவிக்கை மூலமாகத்தான் செய்ய முடியும். தொலைபேசியில் சொல்லியோ, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டோ ஒப்படைக்க முடியாது.

முன்பு வண்டல் மண்ணுக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவைப்பட்டது. கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்குவதற்குள் மழை வந்து ஏரி நிரம்பிவிடும். இதை மாற்றி, 2024-இல் தமிழ்நாடு அரசு அனுமதி வழங்கும் அதிகாரத்தை வட்டாட்சியருக்குக் கொடுத்தது. மண்ணுக்குக் கட்டணம் இல்லை. இ-சேவை மூலம் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். ஒரு டிராக்டர் நடைக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் முறையே 25 நடை, 30 நடை.

முழு அதிகாரமும் வரவில்லை

எந்தெந்த ஏரியில் மண் எடுக்கலாம் என்பது மாவட்ட அரசிதழில் வெளியாக வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள ஏரியில், யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதுதான் வட்டாட்சியரின் வேலை. பட்டியலில் இல்லாத ஏரிக்கு அவர் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஆணை நிற்காது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை, சட்டம் இடம் கொடுத்தால் தவிர, இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. கிராம நிர்வாக அலுவலர் நில விவரத்தைச் சரிபார்க்கலாம், வருவாய் ஆய்வாளர் அறிக்கை தரலாம். இவை முடிவெடுக்க உதவும் வேலைகள். முடிவு வட்டாட்சியருடையது. அவர் விடுப்பில் இருந்தால், முறையான உத்தரவின்படி பொறுப்பேற்றவர் கையெழுத்திடலாம். ஊராட்சித் தலைவரோ, ஏரியைப் பராமரிக்கும் துறையின் களப்பணியாளரோ அந்த இடத்தில் நிற்க முடியாது.

தவறினால் என்ன ஆகும்?

அனுமதி இல்லாமல் மண் எடுத்தால் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. வாய்மொழியாகச் சரி சொன்னவர் அன்று உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். கடன் வாங்கி வாங்கிய டிராக்டர் காவல் நிலைய வாசலில் நிற்கும்போது தவணை மட்டும் நிற்காது.

அதிகாரம் அருகில் வந்ததில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. அலைச்சல் குறைந்திருக்கிறது. அதே நேரம், உள்ளூர் ஆட்களின் நெருக்கடி வட்ட அலுவலகத்துக்கு எளிதில் எட்டும். "பட்டா, அடங்கல் நகல் மட்டும் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். மண் செங்கல் சூளைக்குப் போனாலும் அனுமதி ஆணையில் இருப்பது உங்கள் பெயர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்திட்டவரின் பதவி, ஏரியின் பெயர், புல எண், கன மீட்டர் அளவு, எத்தனை நாள் செல்லும் என்பதைச் சரிபாருங்கள்.

• ஒவ்வொரு நடைக்கும் ஆணையின் நகல் வண்டியில் இருக்கட்டும். குறித்த அளவுக்கு மேல் ஒரு நடைகூட வேண்டாம்.

• விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். அதிகாரம் கீழே போனாலும் மேற்பார்வைப் பொறுப்பு ஆட்சியரை விட்டுப் போவதில்லை.

• யாருக்கு என்ன அதிகாரம் என்பதில் சந்தேகம் இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஆணையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடைசியாக மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டல் மண் மணற்பாங்கான நிலத்துக்கும் செம்மண் நிலத்துக்கும் நல்ல பலன் தரும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஏற்கெனவே களி மிகுந்த கரிசல் நிலத்தில் வடிகாலைக் கெடுக்கலாம். எனவே முதல் நடை அடிப்பதற்கு முன் ஏரி மண்ணையும் உங்கள் நிலத்து மண்ணையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உவர், களர் தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். மண் பரிசோதனை முடிவும் வட்டாட்சியர் கையெழுத்திட்ட ஆணையும் கைக்கு வந்த பிறகு டிராக்டரை இறக்குங்கள்.