மொட்டு விட்ட செடியை விட்டுடுங்க சாமி!

"பூ வர்ற நேரம், பெரிய தொட்டிக்கு மாத்திடலாமா?" - நான் செடி வளர்க்கறவன்னு தெரிஞ்சா போதும், ஆபீஸ்லயும் சரி, கள்ளக்குறிச்சி சொந்தக்காரங்க வீட்டுலயும் சரி, இந்தக் கேள்வி வந்துடும். என் பதில் ஒண்ணுதான். மாத்தாதீங்க, பூ முடியட்டும்.

காரணம் சிம்பிள்ங்க. தொட்டியிலிருந்து செடியை எடுக்கறப்ப கண்ணுக்கே தெரியாத வேர்த்தூவிகள்தான் முதல்ல அறுந்து போகும். தண்ணி உறிஞ்சறது பெரும்பாலும் அதுங்கதான். வரத்து குறையுது, ஆனா இலை வழியா ஆவியாகற செலவு நிக்காது. கை இறுகினா செடி முதல்ல கழட்டி விடறது மொட்டைத்தான். லைவ்ல ஓடற சர்வரை பீக் அவர்ல மாத்தற கதை :)

விவசாயிங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தக்காளி நாத்தை 25 நாள் வாக்குல எடுத்து நட்டுடுவாங்க. நாத்தங்கால்லயே பூத்துட்டா அது முத்தின நாத்து, சீந்த மாட்டாங்க.

வீட்டுச் செடியில இதுக்கு நல்ல உதாரணம் நிஷாகந்தி. நம்மாளுங்க 'பிரம்ம கமலம்'னு கும்பிடறது இதைத்தான். (நிஜ பிரம்ம கமலம் இமயமலைல இருக்கு, உத்தரகண்ட் மாநிலத்தோட பூ. இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி!) ராத்திரி விரிஞ்சு விடியறதுக்குள்ள வாடிடும். அத்தை வீட்டுல ஏழு மொட்டு விட்டிருந்த நேரம் கிரகப்பிரவேசம் வந்துச்சு. புதுசா வாங்கின பீங்கான் தொட்டிக்கு மாத்தியே தீரணும்னு ஒரே அடம். "அத்தை, பழைய தொட்டியோட அப்படியே அதுக்குள்ள இறக்கி வைங்க, அடியில தண்ணி மட்டும் தேங்க விடாதீங்க"ன்னேன். முணுமுணுத்துக்கிட்டே செஞ்சாங்க. ஏழுல ஆறு விரிஞ்சுது. நிஷாகந்திக்கு வேர் கொஞ்சம் நெருக்கமா இருந்தாத்தான் பூக்கவே பிடிக்கும், பெரிய தொட்டி அதுக்கு ஒண்ணும் பரிசு இல்லை.

எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் கல்வராயன் மலை. வெள்ளிமலை பக்கம் டூர் போயிட்டு, மரத்துல ஒட்டி வளர்ற ஆர்க்கிட்டைப் பூவோட பிய்ச்சு எடுத்துட்டு வர்றது. பூத்திருக்கறதாலதான் கண்ணுலயே படுது, செடிக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. மலைக் குளுமையில மரப்பட்டையைப் பிடிச்சு வளர்ந்த வேரை கீழே கொண்டுவந்து செம்மண்ணுல புதைச்சா அழுகத்தான் செய்யும். காப்புக்காட்டுல இருந்து செடி எடுக்கறது சட்டப்படி குத்தம்ங்கறது வேற. ஆர்க்கிட் வேணும்னா நர்சரியில வாங்குங்க. ஃபலனாப்சிஸ் பூ ரெண்டு மூணு மாசம் நிக்கும். பூத்து முடிஞ்சு, புது வேரோட பச்சை நுனி எட்டிப் பாக்கறப்ப மாத்துங்க.

பீஸ் லில்லி மாதிரி அடிக்கடி பூக்கறதுக்கு காத்திருந்தா முடியாது, பூந்தண்டை வெட்டிட்டு மாத்திடுங்க. வேர் அழுகி நாத்தம் வந்தா மட்டும் பூவாவது மொட்டாவது, அன்னிக்கே மாத்தணும்.

மாசம் கேட்டீங்கன்னா, கள்ளக்குறிச்சி வெயிலுக்கு நான் சொல்றது தை, மாசி. நிஷாகந்தி பூத்து ஓஞ்சிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. யூடியூப்ல வெளிநாட்டுக்காரர் ஏப்ரல்னு சொல்றாரேன்னு சித்திரைல கை வெச்சுடாதீங்க, அது அவங்க ஊர் வசந்தம். புதுத் தொட்டி பழசைவிட ரெண்டு இன்ச் அகலம் போதும். மாத்தினதும் ஒரு வாரம் நிழல்ல வைங்க, உரம் போடாதீங்க.