கான்டெஸாவுக்கு அம்பது வயசு ஆகணுமாம்

இந்தியாவின் மஸில் கார் எது என்று கேட்டால் நம்ம பசங்க யோசிக்காமல் கான்டெஸா என்கிறார்கள். அமெரிக்காக்காரன் காதில் விழுந்தால் சிரிப்பான்.

அங்கே 1964-ல் பான்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்று ஒரு வண்டி விட்டது. நடுத்தர சைஸ் வண்டியில் பெரிய இன்ஜின் வைக்கக் கூடாது என்று தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பான்டியாக் ஆட்கள் அதை "வேண்டுவோர் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்" என்று ஆப்ஷன் பட்டியலில் நுழைத்து, 6.4 லிட்டர் இன்ஜினை உள்ளே தள்ளிவிட்டார்கள். 325 குதிரைசக்தி! (சர்க்குலரில் ஓட்டை கண்டுபிடிப்பது எங்கள் பேங்க்காரர்களுக்கு மட்டுமே வரும் கலை என்று நினைத்திருந்தேன்.)

நம்ம கான்டெஸா இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனி கைவிட்ட ஒரு மாடலை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வந்து, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1984-ல் செய்ய ஆரம்பித்தது. வாக்ஸ்ஹாலும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பம்தான். அதனால் அந்த நீள மூக்கும் இடுப்பு வளைவும் சும்மா வந்ததில்லை, ஜி.டி.ஓ.வுக்குத் தூரத்துப் பங்காளி. ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது அம்பாஸடரின் 1.5 லிட்டர் இன்ஜின். சுமார் 50 குதிரைசக்தி. பயில்வான் உடம்பு, தாத்தா மூச்சு.

கம்பெனியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. லைசென்ஸ் ராஜ்ய காலம் அது, எதற்கும் அனுமதி வாங்க வேண்டும். நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரர்கள் 1985-ல் ரோவர் காரின் உடம்புக்குள் தங்கள் பழைய 2 லிட்டர் இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விட்டார்கள், மூன்று நாலு வருஷத்தில் கடை கட்டியாகிவிட்டது. இங்கே செம்பூருக்குப் பக்கத்தில் குர்லாவில் பிரீமியர் 118 என்.இ. வந்தது, ஃபியட் உடம்பு, நிஸ்ஸான் இன்ஜின். அது தேவலை. கான்டெஸா பிழைத்தது ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான். அந்த கிளாசிக் மாடலை ஓட்டியவர்கள் இன்றைக்கும் கண் மூடிக்கொண்டு பேசுகிறார்கள். 2002-ல் உற்பத்தி நின்றது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளைக்கு வரும் ஒருத்தர், அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ்வாசி, கும்பகோணம் பக்கம். 1994 மாடல் கான்டெஸா கிளாசிக் வைத்திருக்கிறார். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இந்த வருஷம் ரிடையர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வண்டியை ஊருக்குக் கொண்டுபோக ஆசை. "வித்துட்டுப் போங்கன்னு எல்லாரும் சொல்றாங்க சார். காயலான் கடையில எடைக்குப் போடவா இத்தனை வருஷம் வச்சிருந்தேன்?" என்றார். ரிப்பேருக்கு லோன் கேட்டார். எங்கள் கணக்கில் அந்த வண்டியின் மதிப்பு பூஜ்யம். ஆனால் பி.காம். படித்தவனுக்குத் தெரியும், குறைந்துசெல் மதிப்பு முறையில் எதுவுமே பூஜ்யத்தைத் தொடாது. ஒரு லட்ச ரூபாய் வண்டியை வருஷம் 15 சதவீதம் கழித்துக்கொண்டே போனால் 30 வருஷம் கழித்தும் 760 ரூபாய் சொச்சம் நிற்கும் :-)

அரசாங்கம் 2021-ல் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. முதல் கான்டெஸாவுக்கே அந்தத் தகுதி 2034-ல்தான் வரும். அதுவரைக்கும் அது வெறும் பழைய வண்டி. 15 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். மகாராஷ்டிராவில் கிரீன் டாக்ஸ் வேறு. ஐம்பதைத் தொடுவதற்குள் பாதி வண்டிகள் காயலான் கடை போய்ச் சேர்ந்துவிடும். பிறகு யாருக்கு விண்டேஜ் நம்பர் பிளேட்?

உலகம் முழுக்கப் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, ஃபீவா என்று பெயர். அவர்கள் கணக்கில் 30 வயது போதும். ஜெர்மனியும் 30-ல் தனி பிளேட் கொடுக்கிறது. நாமும் 30 என்று வைக்கலாம். புகை விடுமே என்பார்கள். விடும்தான். ஆனால் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேவ்னார் வரை போய்த் திரும்பும் வண்டியும், தினம் நாள் முழுக்க ஓடும் டெம்போவும் ஒன்றா? வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு கட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. மாற்றி எழுத வேண்டியது ஒரே ஒரு எண்.

அதுவரைக்கும், இந்த மாதிரி வண்டியோடு ஊர் திரும்புகிறவர்கள் பழைய லோன் அடைந்ததற்கான பேங்க் கடிதத்தைத் தேடி வையுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருந்தால் இந்த ஆர்.டி.ஓ. என்.ஓ.சி. தரமாட்டார். கும்பகோணத்துக்காரருக்கு இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. அவருக்கு முந்தைய ஓனர் வாங்கிய லோன் அது. கொடுத்த பேங்க் கிளை இன்னொன்றோடு சேர்ந்து, அந்த இடத்தில் இப்போது நகைக்கடை இருக்கிறது.