காற்று பங்கு கேட்டதில்லை

பாய்மரம் போய் விசைப்படகு வந்தது முன்னேற்றமே, நான் மறுக்கவில்லை. காற்றை எதிர்பார்த்துக் கரையில் காத்துக் கிடந்தவர்க்கு இயந்திரம் விடுதலைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மீன் விற்ற பணத்தில் முதலில் கழிவது எண்ணெய்ச் செலவு. மிஞ்சியதில்தான் ஆளுக்குப் பங்கு. காற்று எந்நாளும் பங்கு கேட்டதில்லையே! எண்ணெய்க் கடன் அடைய மேலும் மீன் வேண்டும். அதைத் தேடி இழுவலைகள் கரையோரம் வந்தன. கட்டுமரக்காரரின் வலைகள் அறுந்தன. கைகலப்பும் மூண்டது. 1983-இல் தமிழக அரசு சட்டம் இயற்றி, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

எஞ்சினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சிறிய ஃபைபர் படகில் எஞ்சினோடு ஒரு பாயும் இருக்கட்டுமே என்கிறேன். பின்னிரவில் கரைக்காற்று கடலுக்கு அழைத்துச் செல்லும். பிற்பகலில் கடற்காற்று கரை சேர்க்கும். அந்நேரத்திலும் டீசலை எரிப்பானேன்?